பதினோராவது துண்டு

கேபிளுக்கு வயது சொல்வது என் வேலை. தெருவுக்கு அடியில், சுரங்கத்துக்குள் படுத்துக் கிடக்கிற பெரிய மின்கேபிள்கள் எத்தனை வருடமாக ஓடுகின்றன என்பது ஏட்டிலேயே இருக்கும். அதை யாரும் என்னிடம் கேட்பதில்லை. உள்ளே கிழடு தட்டிவிட்டதா, இன்னும் தெம்பு இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். வெளியே தெரிகிற கறுப்புத் தோலுக்குள், செம்புக் கம்பியைச் சுற்றி இரண்டு விரல் தடிமனுக்கு வெள்ளை பிளாஸ்டிக் உறை இருக்கும். அந்த உறை தளர்ந்துவிட்டால் மின்சாரம் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றெல்லாம் அது பார்க்காது. களத்தில் வேலை செய்கிறவர்கள் எனக்கு வைத்திருக்கிற பெயர் ‘வயசம்மா.’ எனக்கு நாற்பத்தொன்றுதான் ஆகிறது. முதலில் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு பழகிவிட்டது. இப்போது யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்துவிடுகிறேன்.

கேபிளை ரொட்டித் துண்டு போல மெல்லிசாக வெட்டி டெராஹெர்ட்ஸ் கருவியில் வைத்துப் பார்ப்பேன். வானொலி அலைக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் இருக்கிற ஓர் அலை அது. பிளாஸ்டிக்கை அது ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது, ஊடுருவிப் போய்விடும். ஆனால் தண்ணீரைக் கண்டால் நின்றுவிடும். ஒரு துளி வேண்டாம், என் மூச்சுக் காற்றின் ஈரமே போதும், படம் கலங்கிவிடும். அதனால் கருவியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து உலர்ந்த காற்றை ஓடவிட்டிருப்போம். அந்த அறையில் ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால், திரையில் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு வரியாகப் படம் ஏறும். ஒரு துண்டுக்கு நாற்பது நிமிடம் ஆகும்.

அந்த நாற்பது நிமிடம் நான் இந்த உலகத்தில் இருப்பதில்லை. கண் திறந்திருக்கும், கருவி ரீங்கரித்துக்கொண்டிருக்கும், திரையில் வெள்ளை மெல்ல மெல்லப் பரவும். சில நாள் அது பனி மூடிய வயல் மாதிரி தெரியும். நான் அதில் இறங்கி நடப்பேன். காலுக்குக் கீழே சத்தமே இருக்காது. இதைத் தூக்கம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். சம்பளத்துக்குக் குறைவில்லாமல் வேலை நடந்திருக்கிறது.

அந்த வெள்ளைக்குள் மரம் தெரிந்தால் கேபிளுக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். ‘நீர்மரம்’ என்பது நான் கற்பனையாக வைத்த பெயர் இல்லை, தொழிலில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். ஈர மண்ணிலிருந்து தண்ணீர் உறைக்குள் கசியும். மின்சாரம் இழுக்கிற திசையில் அது நுணுகி நுணுகி, கிளை விட்டுப் படரும். கம்பியை ஒட்டிய உள் ஓரத்தில் வேர், வெளிப்பக்கத்தைப் பார்த்துக் கிளை. வருடக்கணக்கில் வளரும். கிளை மறுகரையைத் தொட்டால் அன்றோடு கதை முடிந்தது.

என் வீட்டுக்காரர் கேபிள் இணைப்பாளர். அறுத்த கேபிளையும் புதுக் கேபிளையும் அடுக்கடுக்காகத் தோலுரித்து ஒன்றோடொன்று சேர்க்கிறவர். ஓர் இணைப்புக்கு மூன்று நாள் பிடிக்கும். அந்த வாரம் அவரும் இன்னும் ஐந்து பேரும் ஆற்றங்கரைச் சுரங்கத்தில் இறங்கியிருந்தார்கள். அங்கே இரண்டு கேபிள்கள் போகின்றன. இடது பக்கத்தை நிறுத்திவிட்டு வேலை. வலது பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் பாதி ஊருக்கு அதுதான் மூச்சு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான் இடைவெளி. ஓடுகிற கேபிளுக்குப் பக்கத்தில் ஆள் இறங்க வேண்டுமானால் அதன் உறை திடமாக இருக்கிறதென்று சோதனைக்கூடம் எழுதித் தர வேண்டும் என்பது விதி. எழுதித் தந்தது நான்.

எழுதும்போது எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் வலது கேபிளில் ஓரிடத்தை மாற்றிப் போட்டபோது மிச்சமான பகுதி என்னிடம் வந்தது. அதிலிருந்து பத்துத் துண்டு வெட்டினேன். முன்பெல்லாம் என் படங்களில் ஒரு மங்கல் இருக்கும். துண்டுகளின் மேல் ஒட்டியிருக்கிற ஈரம்தான் காரணம் என்று நானே யோசித்து, இந்தப் பத்தையும் மூன்று வாரம் உலர்பெட்டியில் வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். படம் பளிங்கு மாதிரி வந்தது. ஒரு மரம் இல்லை, ஒரு புல் இல்லை. ‘இளமையாக இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் அந்தப் படங்களில் ஒன்றைப் பெரிதாக அச்சடித்துத் தன் அறையில் மாட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் அந்த வழியாகவே போய் வந்துகொண்டிருந்தேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ‘தெரியல’ என்ற வார்த்தை என் வாயில் வராது. வேலையிலும் வராது, வீட்டிலும் வராது. சாவி எங்கே என்று கேட்டால்கூட ஏதாவது ஓர் இடத்தை அடித்துச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் தேடுவேன். என் வீட்டுக்காரர் இதை வைத்து என்னைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது.

இணைப்பு வேலையின் இரண்டாம் நாள். அவர் காலை ஆறு மணிக்கே போய்விட்டார். எனக்குப் பாதி நாள் விடுப்பு இருந்ததால் பத்தரை மணிக்குச் சாவகாசமாகக் குளிக்கப் போனேன். வெந்நீரைத் திறந்துவிட்டு, அறை முழுக்க ஆவி நிறைந்து, சுவர் எங்கே கூரை எங்கே என்று தெரியாமல் நிற்பது எனக்குப் பிடிக்கும். சோப்பை எடுத்தேன். கூடவே அதன் அடியில் இருந்த வளையமும் ஒட்டிக்கொண்டு வந்தது.

அது வலது கேபிளின் பதினோராவது துண்டு. வெட்டும்போது ஓரம் பிசிறடித்துவிட்டதென்று ஒதுக்கிப் போட்டிருந்தேன். அன்றைக்கு என்னைக் கூட்டிப்போக வந்த இவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நடுவுல ஓட்டை இருக்கு பாரு. சோப்பு வச்சா தண்ணி அழகா வடிஞ்சிரும்.”

“உங்களுக்கு எதப் பாத்தாலும் வீட்டுக்குத் தூக்கிட்டு வரணும்.”

“உன்னையும் அப்படித்தான தூக்கிட்டு வந்தேன்.”

அப்படி வந்து சேர்ந்த வளையம் நாலு மாதமாக வெந்நீரிலும் நுரையிலும் கிடந்தது. சோப்பைப் பிரித்து வைத்துவிட்டு அதைக் கழுவினேன். கழுவி, ஏனோ ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். அரைகுறையாக ஒளி ஊடுருவும் அந்த வெள்ளைக்குள், உள் ஓரத்திலிருந்து, சின்னச் சின்னப் புதர்கள். மூச்சில் பனித்த கண்ணாடி போல மங்கலாக, ஆனால் கிளை கிளையாக. சில விரல்நக அளவு. இரண்டு மூன்று அதைவிடப் பெரியவை. சுற்றிலும் ஆவி, உள்ளேயும் ஆவி போல மரங்கள். நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்றே ஒரு கணம் மறந்துபோனது. ஒரு தோப்புக்குள் நடக்கிற மாதிரியும், கிளைகள் தோளில் உரசுகிற மாதிரியும் இருந்தது. எவ்வளவு அழகு என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்னும் என் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

தண்ணீர் ஆறிப்போய்த் தோளில் சில்லென்று விழுந்தபோதுதான் புத்தி வந்தது. ஒரே கேபிள். அடுத்தடுத்து வெட்டிய துண்டுகள். பத்தில் ஒன்றுமில்லை, பதினோராவதில் ஒரு காடே இருக்கிறது என்றால் எப்படி? பத்தும் உலர்பெட்டியில் மூன்று வாரம் இருந்தன. இது தண்ணீரில் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். என் அலை மரத்தைப் பார்ப்பதில்லை, மரத்துக்குள் இருக்கிற தண்ணீரைத்தான் பார்க்கிறது. அந்தத் தண்ணீரை நானே மூன்று வாரம் உட்கார வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, மரமே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மங்கல் என்று நான் துடைத்துப் போட்டதுதான் வயது.

தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் ஓடினேன். சோதனைக்கூடத்துக்குப் போய் வளையத்தை மேலோட்டமாகத் துடைத்துக் கருவியில் வைத்தபோது மணி பன்னிரண்டு. விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். வழக்கம்போல் வெள்ளை ஏறியது. பிறகு அதற்குள் கறுப்பாக ஒரு வேர், வேரிலிருந்து தண்டு, தண்டிலிருந்து கிளை. வரி வரியாக, அவசரமே இல்லாமல் வளர்ந்தது. எழுந்து ஓட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் முழுப்படம் இல்லாமல் யாரிடம் போய் என்ன சொல்வது. நாற்பது நிமிடமும் அந்த நாற்காலியை விட்டு என்னால் எழ முடியவில்லை.

மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘பொறுங்க சார்.’ கட்டடம் தீப்பிடித்தாலும் முதல் வார்த்தை அதுதான். நல்ல மனிதர், ஆனால் அவசரப்பட்டு ஒன்றும் செய்யமாட்டார். படத்தை அவர் முன்னால் வைத்தேன்.

“பொறுங்கம்மா. இது எங்க இருந்துச்சுன்னு சொன்னீங்க?”

“பாத்ரூம்ல சார். சோப்புக்கு அடியில.”

“அப்ப அந்தத் தண்ணியிலயே வளந்திருக்கலாம்ல?”

“கரண்டு இல்லாம மரம் வளராது சார். சோப்புக்கு யாரு சார் கரண்டு குடுக்கறா?”

அவர் சிரிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த பளிங்குப் படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“அந்தப் பத்துல ஒன்ன வெந்நீர்ல போட்டுப் பாப்போம். மரம் இருந்தா தண்ணி ஏறி மறுபடி தெரியும். எவ்வளவு நேரம் ஆகும்?”

“நாலு மணி நேரமாவது கொதிக்கணும்.”

“அப்ப நாலு மணி நேரம் பொறுங்க. பாதி ஊரும்மா. லிஃப்டு, ஆஸ்பத்திரி, தண்ணி பம்பு எல்லாம் அதுலதான் ஓடுது. ஒரு சோப்பு டப்பாவ நம்பி எப்படிம்மா நிறுத்தச் சொல்லுவேன்?”

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. தேநீர் போடுகிற கெட்டிலில் நாலாவது துண்டைப் போட்டு மூடினேன். கொஞ்ச நேரத்தில் அது கொதிக்கத் தொடங்கி மூடி தட்தட்டென்று ஆடியது. துண்டு உள்ளே புரண்டு புரண்டு படுத்தது. கெட்டிலின் மூக்கிலிருந்து வெளியே வந்த ஆவி மேசை விளக்கைச் சுற்றி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் நான் சுரங்கத்துக்குள் போய்விட்டேன். ஈரச் சுவர். மஞ்சள் விளக்கு. இடது பக்கம் குனிந்து ஒரு முதுகு. அந்த முதுகுக்கு ஒரு கை தூரத்தில், தடித்த கறுப்புத் தோலுக்குள், ஒரு கிளை மறுகரையைப் பார்த்து நீள்கிறது. நான் கூப்பிடுகிறேன், குரல் வரவில்லை. மூடி மறுபடி தட்டியது. மணி ஒன்றுதான் ஆகியிருந்தது. நாலு மணி நேரம் என்னால் முடியாது.

சுரங்கத்துக்குள் ஒரு தொலைபேசி உண்டு. எடுத்தவரிடம் இவரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி எதிரொலியோடு வந்தது.

“என்னம்மா, அடுப்ப அணைக்க மறந்துட்டியா?”

“ஏறி வாங்க.”

“எங்க?”

“மேல. எல்லாரையும் கூட்டிட்டு ஏறி வாங்க.”

“விளையாடாத. கேபிளத் தோலுரிச்சு வச்சிருக்கோம். இப்படியே விட்டா தூசி ஏறும், ஈரம் ஏறும். ரெண்டு நாள் வேல பாழாப் போயிரும்.”

“வலது பக்கத்துக் கேபிள்...”

“அதுக்கு என்ன? நீதான நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்த?”

“ஆமா. நான்தான் எழுதினேன்.”

“அப்புறம் என்ன?”

கெட்டுவிட்டது என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அடித்துச் சொல்வதில்தான் நான் கெட்டிக்காரி ஆயிற்றே. ஆனால் என் கையில் இருந்ததெல்லாம் ஒரு சோப்பு வளையமும் கொதிக்கிற கெட்டிலும். ஏற்கெனவே ஒருமுறை அடித்துச் சொன்னதால்தான் அவர் அங்கே நிற்கிறார்.

“தெரியல,” என்றேன்.

“என்ன சொன்ன?”

“தெரியலங்க. நான் எழுதினது சரியா தப்பான்னு எனக்கே தெரியல.”

சுரங்கத்துக்குள் எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. கிண்டல் செய்யப்போகிறார் என்று நினைத்தேன். பதினாலு வருடமாக இந்த வார்த்தைக்காகத்தானே காத்திருந்தார். அவர் தொலைபேசியிலிருந்து வாயை எடுத்துவிட்டுப் பின்னால் யாரிடமோ பேசியது தெளிவாகக் கேட்டது.

“எல்லாத்தையும் அப்படியே வைங்க. மேல ஏறுங்க. ஆமா, இப்பவே.”

கருவியையும் கெட்டிலையும் மேலாளரிடம் ஒப்படைத்துவிட்டுச் சுரங்க வாயிலுக்கு நடந்தேன். கால் மணி நேர நடை. நான் போனபோது ஆறு பேரும் நடைபாதை ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாத முகத்தோடு. அவர்களில் குள்ளமாக இருந்தவர் என்னைப் பார்த்ததும் இடம் விட்டு நகர்ந்தார்.

“வயசம்மா, எதுக்கும் எங்களுக்கும் ஒரு தடவ வயசு பாத்துச் சொல்லிருங்க.”

“உங்களுக்கெல்லாம் பாக்கவே வேணாம்ணே. வெளியவே தெரியுது.”

எல்லோரும் சிரித்தார்கள், இவர் மட்டும் சிரிக்கவில்லை. திறந்து கிடந்த இணைப்பைப் பாலித்தீனில் சுற்றி நாடா ஒட்டிவிட்டுக் கடைசி ஆளாக ஏறி வந்தாராம். எழுந்து எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். இணைப்பு போச்சே என்ற கவலை அவருக்கு. சும்மா ஏற்றிவிட்டேனோ என்ற கவலை எனக்கு. ஒன்றும் இல்லை என்று வந்தால் இந்த ஆறு பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்றும், ஏதாவது இருக்கிறது என்று வந்தால் அது இதைவிட மோசமாயிற்றே, எப்படித் தாங்குவது என்றும் மாறி மாறி ஓடியது.

மதியம் நகரவே இல்லை. எதிர்ப்பக்கம் ஒரு சலவைக்கடையில் துணிகள் கண்ணாடிக்குள் மெதுவாகச் சுற்றின. முடிதிருத்தும் கடையில் ஒருவர் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சந்திப்பில் விளக்கு பச்சையாகி, மஞ்சளாகி, சிவப்பாகி, மறுபடி பச்சையானது. இத்தனையும் எங்கள் காலுக்குக் கீழே ஒரு தோப்பின் வழியாக வருகிறது என்று யாருக்கும் தெரியாது. கண்ணை மூடினால் நிலம் முழுக்க இலையில்லாமல், தண்ணீரால் மட்டும் ஆன மரங்கள் அசைந்தன. பாதி தூக்கத்தில் அவர் தோளில் சாய்ந்திருக்கிறேன். அவர் தள்ளிவிடவில்லை.

ஐந்தே முக்காலுக்குக் கைப்பேசி அடித்தது. மேலாளர். முதல்முறையாகப் பொறுங்க என்று அவர் தொடங்கவில்லை.

“வந்துருச்சும்மா. நாலாவது துண்டுல. முக்கால்வாசி தூரம் போயிருக்கு.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “வலது லைன நிறுத்தச் சொல்லிட்டேன். நீங்க யாரையும் கீழ விடாதீங்க.”

சொல்லி முடிக்கும்போதே சந்திப்பு விளக்கு அணைந்தது. சலவைக்கடையில் துணிகள் இன்னும் ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றன. முடிதிருத்தும் கடைக்காரர் கத்தரியோடு வாசலுக்கு வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். தூரத்தில் யாரோ வண்டியின் ஒலிப்பானை அழுத்தினார்கள். அதற்குப் பிறகு நான் கேட்டிராத ஓர் அமைதி வந்தது.

அரை மணி நேரத்தில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து செய்தி வந்தது. இரண்டு கேபிளிலும் மின்சாரம் இல்லை, இரண்டையும் நிலத்தோடு இணைத்துப் பூட்டியாகிவிட்டது, இனி இறங்கலாம். இவர் துள்ளி எழுந்தார்.

“வாங்கப்பா. பாலித்தீன் தாங்கியிருந்தா இணைப்பக் காப்பாத்திரலாம்.”

எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏணியைப் பிடித்தார். அப்போதுதான் பார்த்தேன். சட்டையின் முதுகில், ஒரு தோளிலிருந்து மறு தோள் வரைக்கும், நேர்கோடாக ஒரு கறுப்புப் பட்டை. ஒரு சாண் அகலம். அந்த அகலம் எந்தக் கேபிளுடையது என்பதை யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

“இது என்னங்க?”

“எது?”

“முதுகுல.”

அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க முயன்றார், தெரியவில்லை.

“சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் சாஞ்சேன். அந்த அழுக்கா இருக்கும்.”

“எதுல சாஞ்சீங்க?”

“வலது பக்கத்துல. நல்லா வெதுவெதுன்னு இருந்துச்சு. அசந்து தூங்கிட்டேன் போல, இவங்கதான் எழுப்பினாங்க.” என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நீ எழுதிக் குடுத்தது தானேன்னு சாஞ்சேன்.”

“எத்தன மணிக்கு?”

“பன்னெண்டு, பன்னெண்டரை இருக்கும். ஏன்?”

பன்னிரண்டு மணிக்கு நான் இருட்டறையில் உட்கார்ந்து, திரையில் ஒவ்வொரு கிளையாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டது. மற்ற ஐந்து பேரும் ஏணிக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள். வயசம்மா அழுவதை அவர்கள் பார்த்ததில்லை, அதனால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

“விடும்மா,” என்றார் அவர். “அதான் லைனு செத்துருச்சே.”

எனக்கும் தெரியும். இருந்தாலும் விடவில்லை.